விரதம் என்று சொன்னவர்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சண்டிலிப்பாயில் அப்போது அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு கலியாணத் தரகர் இருக்கிறார், சாதகத்தில் கைவைக்கமாட்டார், இல்லாததைச் சொல்லமாட்டார் என்று கேள்விப்பட்டு அம்மா ஆள்விட்டு அழைத்திருந்தார். விடியவே உளுந்து அரைத்து வடை சுட்டாயிற்று. பயற்றம் பணியாரமும் இருந்தது. வந்தவர் கதிரை நுனியில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம். வேறு யாருக்கோ தைத்த சேட்டைப் போட்டவர் போலத் தோளிலிருந்து துணி தொங்கியது. தட்டைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்பி, இன்றைக்குச் செவ்வாய் விரதம் என்றார். தேத்தண்ணியாவது குடிக்கலாமே என்று அம்மா கேட்டார். அதுவும் ஆகாது என்றார்.

அடுத்தமுறை வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளி விரதம். அதற்கடுத்தது திங்கள். சோமவாரம். பிறகு ஒரு புதன்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். அம்மா கலண்டரைப் பார்த்து, அன்று எந்த விரதமும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு இடியப்பமும் சொதியும் செய்து வைத்தார். அவருக்கு அன்று ஏதோ நேர்த்தியாம். கலண்டரில் இல்லாத விரதம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்க மறுப்பது சின்ன விஷயமில்லை. மறுப்பவர் வாயால் சொல்லாத ஒன்றை வீட்டுக்காரர் மனதால் கேட்டுக்கொள்வார்கள். அவர் போனபின் அம்மா இடியப்பத்தைக் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டபடி, “நாங்கள் என்ன அவருக்குக் குறைஞ்ச ஆக்களோ?” என்று எங்களிடம் கேட்டார். அக்காவின் கலியாணத்தை அவர்தான் ஒப்பேற்றினார். தாலி கட்டும்வரை நின்று அரிசி போட்டு ஆசீர்வதித்தவரைப் பந்தி வைத்தபோது காணவில்லை. அதையும் அம்மா மனதில் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஊர் அவரை மெச்சியது. விரதத் தரகர் என்றே பெயர் விழுந்திருந்தது. இத்தனை விரதம் பிடிக்கிற மனிதர் பெண்பிள்ளைகளின் காரியத்தில் பொய் சொல்லுவாரா என்று நம்பிப் படிதாண்டி உள்ளே விட்டார்கள். அவர் சொன்ன ஒரே பொய் அந்த விரதந்தான் என்பது எனக்குத் தெரியவர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அந்த இரண்டு வருடத்தில் எனக்கு வருத்தம் வந்தது. பெருங்குடலின் உட்பக்கம் வீங்கிப் புண்ணாகிற வருத்தம். இருபத்தாறு வயது. பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்துச் சில மாதங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை, இரத்தத்தோடு. கந்தோரில் என் மேசையிலிருந்து கக்கூசுக்கு எத்தனை எட்டு என்று கால் தானாக எண்ணும். பஸ்ஸில் ஏறினால் மானிப்பாயில் எங்கே இறங்கலாம், ஆனைக்கோட்டையில் எந்தக் கடைக்காரர் உள்ளே விடுவார் என்பதே யோசனை. ஏன் மெலிந்துபோனாய் என்று கேட்டவர்களுக்குச் சிரித்துச் சமாளிப்பேன். இதில் மிகவும் களைப்பான வேலை அந்தச் சிரிப்புத்தான்.

யாழ்ப்பாண நகரத்து ஆஸ்பத்திரியில் இந்த வருத்தக்காரருக்கென்று கிளினிக் இருந்தது. முதல் நாள் வரிசையில் இருந்தபோது சுவரோரமாக ஒருவர் சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் கஞ்சி ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். விரதத் தரகர். செவ்வாய்க்கிழமை வேறு. என்னைக் கண்டதும் மூடி வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. சற்றுப் பொறுத்து எழுந்துவந்து பக்கத்தில் இருந்தார். அம்மாவுக்குச் சொல்லுவேனா என்று கேட்டார். நான் இங்கே வந்தது அம்மாவுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது, அதனால் அவரும் யாருக்கும் சொல்லக்கூடாது என்றேன். மனிதருக்கு மூச்சு வந்தது. அதன்பிறகு நான் அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்கப்போகிற கேள்வியை அன்றுதான் முதலில் கேட்டார்.

“நேற்று என்ன சாப்பிட்டனீர், பிள்ளை?”

சொன்னேன். மடியிலிருந்த கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி எழுதிக்கொண்டார். முன்பக்கத்திலிருந்து மாப்பிள்ளைமாரும் பெண்பிள்ளைகளும். பின்பக்கத்திலிருந்து சோறு, கறி, பழம். எனக்கு இரத்தம் எத்தனை தடவை போனது என்றும் கேட்டு எழுதினார். பெண்பிள்ளையிடம் ஒரு ஆண் கேட்கிற கேள்வியில்லை. ஆனால் அவர் கேட்டவிதத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. வீட்டில்கூட யாரும் எண்ணிக்கையைக் கேட்டதில்லை.

கிளினிக் வாசலில் நீட்டு வாங்கில் இருந்த எல்லாரிடமும் கேட்பார். கீரிமலைப் பக்கத்திலிருந்து வருகிற மீன்பிடிக்காரர் ஒருவர், எல்லாந்தான் சாப்பிட்டேன் என்று ஒருமுறை சலிப்போடு சொல்லிவிட்டார். எல்லாம் என்றால் என்னென்ன என்று இவர் விடவில்லை. கடைசியில் அந்த மனிதர் விளைமீன் குழம்பிலிருந்து வெற்றிலைவரை சொல்லி முடிக்க, இவர் ஒவ்வொன்றாக எழுதினார். வெற்றிலைக்கு மட்டும் அடியில் கோடு.

அவர் சாப்பாட்டை நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவருடையது குரோன்ஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் வகை; சிறுகுடலில். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு உடம்பு மோசமாகி, காய்ச்சலும் வயிற்றுக்குத்துமாகக் கிடந்தபோது, ஒரு வைத்தியர் ஆறு கிழமைக்குச் சோறு கறி எல்லாவற்றையும் நிறுத்தி, தகர ரின்னில் வரும் சத்துமாவைக் கரைத்து அதை மட்டும் குடிக்கச் சொன்னாராம். இரண்டாம் கிழமை காய்ச்சல் விட்டது. நான்காம் கிழமை குத்து விட்டது. ஆறாம் கிழமை முடிவில் சைக்கிளில் கீரிமலைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய முகம் இளமையாகிவிடும். பிறகு மெல்ல மெல்ல வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பினார். சில மாதங்களில் குத்தும் திரும்பியது.

“எதையோ ஒண்டைச் சாப்பிட்டுத்தானே திரும்பி வந்தது. அந்த ஒண்டைப் பிடிச்சிட்டன் எண்டால் போதும்,” என்றார்.

அந்த ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். முதலில் மிளகாய்த்தூளை விட்டார். பிறகு பால். கோதுமைப் பாண். கடலை, பருப்பு. கறிக்குத் தேங்காய்ப்பால் விடுவதை நிறுத்தினார். நல்லெண்ணெயை நிறுத்தினார். ஒன்றை விட்டதும் இரண்டு கிழமை நன்றாக இருக்கும். கிளினிக்கில் என்னைக் காணும்போது கண் மினுங்கும். மூன்றாம் கிழமை குத்தும். அப்படியென்றால் வேறொன்று. கனடாவிலிருக்கும் தமக்கையின் மகன் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் கட்டுரைகளை என்னிடம் காட்டி, தமிழில் சொல்லச் சொல்லுவார். ஒன்றில் நல்லது என்று போட்டிருப்பது இன்னொன்றில் கூடாது என்று இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்வார்.

நானும் அவருடைய பட்டியலைப் பிடித்தேன். மறைக்க வேண்டாம், எனக்கும் அந்த ஆசை வந்தது. மருந்துக் குளிசைக்குக் கட்டுப்படாத ஒன்று என் கைக்குக் கட்டுப்படும் என்ற ஆசை. மூன்று மாதம் அவித்த பூசணியும் குழைந்த சோறும் வாழைப்பழமும். வீட்டில் சம்பல் இடித்தால் எழுந்து வளவுக்குப் போய்விடுவேன். நிறை நாற்பது கிலோவுக்கு இறங்கியது. கிளினிக் வைத்தியர் களைத்த முகமுள்ள ஒரு பெண். நிறை பார்க்கும் தராசையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். சாப்பாடு உதவும், ஆனால் ஒருவருக்கு ஒத்தது மற்றவருக்கு ஒக்காது, அதிலும் அவருக்கு ஒரு வருத்தம், எனக்கு வேறு வருத்தம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, வயிறு ஏற்பதையெல்லாம் சாப்பிட வேண்டும் என்றார். அன்று வீட்டுக்கு வந்து முட்டைப் பொரியலோடு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தோற்றுப்போன மாதிரியும் இருந்தது, விடுதலையானது மாதிரியும் இருந்தது.

அதை அவரிடம் சொன்னபோது முட்டை எத்தனை என்று மட்டும் கேட்டார்.

ஒருமுறை அவர் கிளினிக் நாள் எழுதிய துண்டை என் கையில் மறந்து விட்டுவிட்டார். கொடுப்பதற்காக அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மனைவி இருந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. குசினியில் இரண்டு அடுப்பு. ஒன்று அவருக்கு, அதன் சட்டியில் வேறெதுவும் சமைக்கக்கூடாதாம். மற்ற அடுப்பில் அந்த அக்கா தனக்கென்று ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். வாசம் அவருக்குப் படக்கூடாதென்று பின்கதவைத் திறந்து வைத்து, வாசற்படியில் இருந்துதான் பதினொரு வருடமாகச் சாப்பிடுகிறாராம்.

“அவருக்குச் சாப்பாட்டிலை வெறுப்பெண்டில்லை, தங்கச்சி. சந்தேகம். போன கிழமை பூசணிக்காயையும் சந்தேகப்பட்டிட்டார். இனி என்னத்தை நான் அவிக்கிறது?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற பருவத்தை எப்போதோ தாண்டியிருந்தார். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். சேலைகளுக்குக் கீழே குளிசை அட்டைகள், மூன்று நான்கு மாதத்துக்குரியவை, ஒன்றும் உடைக்காமல் இருந்தன.

அடுத்த கிளினிக்கில் அதை அவரிடம் நேரே கேட்டேன். மறுக்கவில்லை. மருந்தும் குடித்துக்கொண்டு சாப்பாட்டையும் மாற்றினால், எது சுகப்படுத்துகிறது, எது கெடுக்கிறது என்று எப்படித் தெரியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். கணக்காகப் பேசுகிற பைத்தியக்காரரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. என் முறை வந்து உள்ளே போனபோது வைத்தியரிடம் சொல்லிவிட்டேன். தரகர் உள்ளே போய்விட்டு வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது. என்னைப் பாராமல் போனார். அதன்பின் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. வாங்கின் மறுநுனியில் இருந்து மற்றவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

கோபத்தைத் தீர்த்துக்கொண்டு அவராகத்தான் வந்தார். எனக்கு ஒரு மாப்பிள்ளையோடு வந்தார். பண்டத்தரிப்பில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் மகன், வங்கி உத்தியோகம். சாதகம் பொருந்தியிருந்தது. அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. என் வருத்தத்தை மட்டும் சொல்ல வேண்டாம், கலியாணம் முடிந்து ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். தரகர் எழும்பினார். போகும்போது என்னைக் கேற்றடிக்கு வரச்சொன்னார். சொல்லவா விடவா என்று கேட்டார். அம்மா சொன்னதைத்தான் நானும் சொன்னேன். சொல்ல வேண்டாம். எனக்குக் களைத்துப்போயிருந்தது. யாராவது ஒருவர் என்னைச் சுகமான ஆள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாளாவது இருக்கட்டும் என்றிருந்தது.

கேற்றின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“நான் தொழிலுக்காக வீடு வீடாய் விரதம் எண்டு சொல்லித் திரியிறன். அரை மணித்தியாலம் இருந்திட்டு எழும்பி வந்திடுவன். நீர் அங்கை வாழப்போறனீர். உமக்கு எத்தினை விரதம் தெரியும், பிள்ளை?”

மாமியார் வைக்கும் கறியைத் தொடாமல் இருப்பதற்கும், விடிய ஐந்து தடவை எழும்புவதற்கும், குளிசை அட்டையைச் சேலைக்குள் ஒளிப்பதற்கும் நான் என்னென்ன காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். பிறகு சொல்லுங்கோ அண்ணை என்றேன்.

அதிபரின் வீட்டில் நடந்ததை அவர் மூன்று நாள் கழித்துச் சொன்னார். பெண்ணுக்குக் குடல் வருத்தம் இருக்கிறது, மருந்தோடு வேலைக்குப் போய் வருகிறாள் என்று சொன்னாராம். அதிபர் அது தொற்றுமா, புற்றா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் இவர், எனக்கும் உந்த வருத்தந்தான், என்னைப் பாருங்கோ, நடந்து திரிகிறேன்தானே என்று சொல்லிவிட்டார். அதிபர் மேலும் கீழும் பார்த்தாராம். அப்படியானால் விரதம்? விரதமில்லை என்று இவர் சொல்ல, அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மகனும் வெளியே வரவில்லை.

அந்தக் கதை பரவ ஒரு கிழமை செல்லவில்லை. என் பெயரை விட அவர் பெயர்தான் வேகமாக உருண்டது. கடவுள் பேரைச் சொல்லி ஏமாற்றினவர் என்றார்கள். வருத்தத்தை மறைத்தவன் மாப்பிள்ளைமாரின் குடியையும் மறைத்திருப்பான் என்றார்கள். அக்கா புருசன் வீட்டிலிருந்துகூட ஒரு விசாரணை வந்தது. அம்மா மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பினார். அன்றைக்கு இடியப்பத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதன் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்லிச் சொல்லி, தான் சொன்னதற்கெல்லாம் வருத்தப்பட்டார்.

அவரைத் தேடி வருகிற வீடுகள் குறைந்தன. ஆனாலும் என் காரியத்தை அவர் விடவில்லை. இரண்டாவது வீட்டிலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாதகத்தை எடுத்தார். அங்கே பரம்பரை வருத்தமா என்று கேட்டார்கள். பிள்ளை பிறக்குமா என்றும் கேட்டார்கள். பிறகு பதில் இல்லை. மூன்றாவது, தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற ஒருவர். முப்பத்தாறு வயது. தாய் மட்டும். அங்கிருந்து தரகர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வெயிலில் வந்த களைப்பு. இன்னொரு மறுப்பு என்றுதான் நினைத்தோம்.

“எல்லாத்தையும் சொன்னன். உவன் ஒரு கேள்விதான் கேட்டான். அவவுக்கு நோகுமோ எண்டு,” என்றார்.

அவர் கடைசியாகச் செய்த பொருத்தம் எங்களுடையது. கலியாணத்துக்கு வரவில்லை. அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். வைத்தியர் ஏசியபின்னும் குளிசையை விட்டும் தொட்டுமே நடந்திருக்கிறார். சிறுகுடல் ஒரு இடத்தில் தடித்துச் சுருங்கி, கஞ்சிகூட இறங்காமல் அடைத்துவிட்டது. வெட்டி எடுக்க வேண்டும், அதற்கு முதல் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று மூக்கால் குழாய் விட்டு அடைப்பைக் கடந்த இடத்துக்கு அந்தச் சத்துமாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள்.

கலியாணம் முடிந்து ஐந்தாம் நாள் நானும் என் கணவரும் பார்க்கப் போனோம். கட்டிலில் பாதி இடந்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அவருடைய மனைவி பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகியிருந்தார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டு போனேன். ஆனால் அவருடைய முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு ஆறுதல் இருந்தது. குழாயைக் கண்ணால் காட்டினார்.

“உதிலை ஒரு நன்மை, பிள்ளை. யோசிக்கத் தேவையில்லை.”

பேசியது அவ்வளவுதான். அது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அவரை வாட்டியது குத்தா, பசியா, ஊர்ப்பேச்சா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் முன்னால் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த களைப்பை நான் நினைக்கவில்லை. எனக்கும் அது இருந்தது. அவரிடம் அதை வாங்கி இறக்கி வைக்க யாருமிருக்கவில்லை. எனக்கு அந்தக் கிழமைதான், என் தட்டைப் பார்க்காமல் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற ஒருவர் வந்து சேர்ந்திருந்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு அடிக்குமேல் வெட்டி எடுத்தார்களாம். அதன்பின் மருந்தை ஒழுங்காக எடுத்தார். எடுக்க வைத்தது அந்த அக்கா. முன்னால் நின்று, விழுங்கும்வரை போகமாட்டாராம். கொஞ்சம் சதை வைத்தது. தரகுத் தொழில் போனது போனதுதான். வவுனியாவில் மனைவியின் தம்பிக்குக் கடை இருந்தது. அங்கே போய் இருக்கப்போவதாகச் சொன்னார்கள்.

போவதற்கு முதல் மாதம் கடைசியாகக் கிளினிக்குக்கு வந்திருந்தார். எனக்கு அப்போது வருத்தம் ஓரளவு அடங்கி, மகள் வயிற்றில் ஆறு மாதம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அப்போது புதிதாக ஒரு பெண்பிள்ளை தாயோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடம் முடித்திருப்பாள். தாய் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். பிள்ளை ஒன்றையும் பார்க்கவில்லை. அவளுடைய கண் சுவர்களில் ஒரு கதவைத் தேடிக்கொண்டு போனது. எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவர் எழுந்தார். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழ முடிந்தது. “இதிலை இரும், பிள்ளை. கக்கூசு இந்தக் கதவுதான். கொண்டி சரியாய்ப் பூட்டும்,” என்றார்.

அவள் இருந்தாள். அவர் சுவரில் சாய்ந்தபடி, தன் இலக்கம் கூப்பிடும்வரை நின்றுகொண்டிருந்தார்.